செங்கண்மா: ஜவ்வாது மலையடிவாரத்துத் தொல்லூர்

ஜவ்வாது மலையின் தென்சரிவு இறங்கி முடியும் இடத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர் செங்கம். திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் பெருவழியில், மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு இதுவே கடைத்தெரு. சாமையும் புளியும் தேனும் சுமந்து இறங்கும் மலையூர் மக்களுக்கும் இதுவே. பழந்தமிழ் மரபு இவ்வூரைச் செங்கண்மா என்றும், இது அடங்கிய நாட்டைப் பல்குன்றக் கோட்டம் என்றும், இதை ஆண்டவனை வேள் நன்னன் சேய் நன்னன் என்றும் குறித்து வைத்துள்ளது.

பாட்டில் நிற்கும் ஊர்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இந்த நன்னன் மேல் பாடப்பெற்றது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்ற பெயரும் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்ட பிறகே தமிழுலகம் இதை முழுமையாகக் கண்டது. சங்க நூல்களில் நன்னன் என்ற பெயருடையார் பலர். மேற்குக் கடலோரத்து ஏழில் மலைக்கு உரியவனாகவும், பெண்கொலை புரிந்தவனாகவும் பேசப்படும் நன்னனை இச்செங்கண்மா வேளோடு சேர்த்துக் குழப்புவது தகாது. நாடும் வேறு, மலையும் வேறு, புலவர் உள்ளத்தில் இவனுக்கு வாய்த்த இடமும் வேறு.

பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதே பாட்டின் பொருள். வழிச்செய்தி இத்தனை நுட்பமாக வேறெந்த ஆற்றுப்படையிலும் இல்லை எனத் துணிந்து சொல்லலாம். தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கல்லடார் என்னும் பொறிகள் இருக்கும், ஆகவே விடிந்தபின் நடக்க வேண்டும். பரணில் இருக்கும் புனங்காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவர், அப்போது மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வழுக்குப் பாறைகளில் கொடிகளைப் பற்றி இறங்க வேண்டும். இப்படிச் சொல்லிக்கொண்டே போகும் கூத்தன், ஒவ்வொரு குடியிருப்பிலும் கிடைக்கும் உணவையும் சொல்கிறான். குறவர் குடியில் தேனும் இறைச்சியும் கிடைக்கும், ஆயர் குடியில் பால் கிடைக்கும். மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லும் அவரையும் சேர்த்து ஆக்கிய புளிங்கூழ் ஓரிடத்தில் வரும். உழவர் இருக்கையை அடைந்தால் வெண்சோறு. அரண்மனை வாயிலில் ஆமான் கன்றும் யானைக் கன்றும் மயிலும் உடும்பும் காட்டுக்கோழியும் பலாப்பழமும் காணிக்கையாகக் குவிந்திருக்கும். அவை யாவும் மலைபடு பொருள்கள். மலையும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தமைக்கு இதனினும் பழைய இலக்கியச் சான்று இவ்வட்டாரத்துக்குக் கிடையாது. நன்னனின் பொற்றாமரைப் பரிசைப் பலரும் போற்றுவர். அவன் வாயிலை அடையும் முன்பே, பெயர் அறியாத கூத்தருக்குச் சோறிட்ட குடிமக்களின் கொடை அதற்கு இளைத்ததன்று.

நன்னனின் மலையாகப் பாட்டு குறிப்பது நவிரம். அங்கே நஞ்சுண்ட இறைவன் உறைகிறான் என்பதும், நன்னன் நாட்டில் சேயாறு ஓடுகிறது என்பதும் பாட்டிலேயே உள்ள செய்திகள். அந்நவிரம் இன்றைய பருவதமலை என்பர் பலர், அச்சேயாறே ஜவ்வாது மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் இன்றைய செய்யாறு. பௌர்ணமிதோறும் மல்லிகார்ச்சுனரை வணங்கப் பருவதமலை ஏறும் அடியார்கள், சங்கப் புலவர் பாடிய இறைவனையே வணங்குவதாகக் கொள்ளலாம். அப்படியாயின், சங்கப் பாட்டில் பேசப்பட்ட மலைமேல் இன்றும் வழிபாடு நடப்பது தமிழகம் முழுதும் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

கல்லில் நிற்கும் மக்கள்

வழியில் நிற்கும் நடுகற்களையும் கூத்தன் சொல்லத் தவறவில்லை. புறங்கொடாது மாண்ட மறவர்களின் பெயர் பொறித்த கற்கள் கிளைவழிகளில் நிற்கும், அவற்றின் முன் யாழை மீட்டி வணங்கிச் செல்க என்கிறான். தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு துறைகளும் இம்மண்ணில் வெறும் இலக்கணமாக இருக்கவில்லை. செங்கம் வட்டாரத்தில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் புதர்களிலும் கிடந்த கற்களே அதற்குச் சாட்சி. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தேடிப் படியெடுத்தது. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூல் அவ்வுழைப்பின் பயன். சிறிய வட்டாரம் ஒன்றின் வீரர் வரலாறு தனிநூலாகும் அளவுக்கு இங்கே கற்கள் செறிந்திருந்தன. பல்லவர் காலத்துக் கற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை. தமிழின் எழுத்து வளர்ச்சியை ஆராய்வோருக்கு அவை பெருஞ்செல்வம்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை அருகே நின்று பார்க்க வேண்டும். எடுத்தனூர் இன்று தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ளது. கல் நடப்பெற்றது மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில். வாணகோ அரையரின் உறவினரான பொற்றொக்கை என்பவரின் இளமகன் கருந்தேவக்கத்தி, எருமை மந்தையைக் காக்கப் போராடி உயிர் விட்டான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்து, தலைவன் வீழ்ந்த இடத்தைவிட்டு அகலாமல் காத்து நின்றது. வீரன் உருவத்தோடு நாயின் உருவத்தையும் சிற்பி செதுக்கி, அதன் பெயரையும் செயலையும் தனியே எழுதி வைத்தான். கருநாடகத்து ஆதகூரில் காளி என்ற வேட்டைநாய்க்கு எழுப்பிய கல் பத்தாம் நூற்றாண்டினது. அதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கோவிவன் கல்லேறிவிட்டான்.

இக்கற்களில் பெயர் பெற்றவருள் பெரும்பாலோர் முடியுடையோர் அல்லர். ஆநிரை கவரப் போனவர், மீட்கப் போனவர், ஊர் அழிந்தபோது எதிர்த்து நின்றவர். அரசன் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டுமே வரும், கல்லின் நடுவே நிற்பவர் மாடு மேய்த்தவரும் வில் பிடித்தவரும்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல்லும் ஆகோளையே, அதாவது ஆநிரை கவர்தலையே, பேசுகிறது. உழவுக்கும் உணவுக்கும் ஆதாரமான கால்நடைக்காக உயிர் கொடுத்தவனைத் தெய்வமாக்கிய மரபு அத்தனை பழையது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகல் வீரர்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கலிட்டு வணங்கப்படுகின்றனர். பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரிடும் வழக்கமும் உண்டு.

கணவாயும் கோயிலும்

ஜவ்வாது மலைக்கும் தெற்கேயுள்ள குன்றுத் தொடருக்கும் இடையே சிங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் கணவாய், கிருஷ்ணகிரி சார்ந்த பாராமகால் பகுதியைக் கீழ்நாட்டோடு இணைத்தது. முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று, மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் செங்கத்தருகே தாக்கினர். தாக்குதல் முறியடிக்கப்பட்டது. எனினும் அரிசி இல்லாமல் வாடிய கம்பெனிப் படை திருவண்ணாமலைக்கு நகர்ந்தது. வரலாற்று நூல்கள் செங்கத்தை நினைப்பது பெரும்பாலும் இந்த ஒரு நாளுக்காகவே.

ரிஷபேசுவரர் கோயிலும் வேணுகோபால பார்த்தசாரதி கோயிலும் ஊரின் இரு கண்கள். பின்னதன் மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியர் தீட்டிய இராமாயணக் காட்சிகள், தமிழக ஓவிய மரபில் தனியிடம் பெற்றவை.

மலைமேல் வாழ்வோர்

ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் தம் வரலாற்றை ஓர் ஓலைச்சுவடியில் காத்து வந்ததை, வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டின் வழியே எட்கர் தர்ஸ்டன் எடுத்தெழுதியுள்ளார். சக ஆண்டு 1055இல் கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றனராம். மீட்கப் போன ஆடவர் எழுவரும் ஏழு நாய்களை உடன் கொண்டு சென்றனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தங்களை இறந்தவராகக் கருதுக என்று சொல்லிப் போயினர். பாலாற்று வெள்ளத்தில் பாதி நீந்திய நாய்கள் திரும்பிவிட்டன. ஆடவர் வேடரை வென்று ஊர் மீண்டபோது தங்களுக்கு இறுதிச் சடங்கு முடிந்திருப்பதைக் கண்டனர். விலக்கப்பட்ட அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து, மலையேறி உழவராயினர். கதையை ஆண்டுக்கணக்கோடு நம்ப வேண்டியதில்லை, தங்களை உழவர் மரபினராகவே அம்மக்கள் நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதே கொள்ளத்தக்கது. மலைபடுகடாத்தில் வரும் தினையும் வரகும் போலவே இன்று சாமை அவர்கள் மேட்டுக்கொல்லைகளில் விளைகிறது. சாமைச் சோறு மீண்டும் மதிப்புப் பெற்றுவரும் இக்காலத்தில் அதன் விலை விளைவித்தவர் கைக்கு முழுமையாகச் சேர வேண்டும்.

கீழே குப்பநத்தம் அணை செய்யாற்று நீரைத் தேக்கி வயல்களுக்குத் தருகிறது. ஆனால் மலையில் காடு இருந்தால்தான் ஆற்றில் நீர் இருக்கும்.

நடுகற்கள் பல இன்னும் வரப்புகளிலும் புளியந்தோப்புகளிலும் நிற்கின்றன. கல்லின் மேல் சுண்ணாம்போ எண்ணெய்ச் சாயமோ பூச வேண்டாம், எழுத்து மறைந்துவிடும். சிமெண்ட்டில் பாதி புதைக்கவும் வேண்டாம். வேடியப்பனுக்குப் பூவும் பொங்கலும் போதும். ஏர் உழும்போது எழுத்துள்ள கல் எதுவும் தட்டுப்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவிக்குமாறு செங்கத்து இளைஞர்களும் ஆசிரியர்களும் ஊர்தோறும் சொல்ல வேண்டும்.