முதலும் வழியும்: ஆங்கில நாட்டு ராக் இசைக்குழுக்களின் பண்பாட்டு இடம்

ஒரு நாட்டின் இளைஞர் பிறிதொரு நாட்டினரின் பாட்டைக் கேட்டுப் பயின்று, பின்னர் அதனையே தமதாக்கி உலகிற்கு வழங்குவராயின், அவ்வாக்கத்தின் பெருமை யாரைச் சாரும்? முதலிற் பாடினாரையா, வழிவந்து பரப்பினாரையா? 1960க்குப் பின் ஆங்கில நாட்டில் எழுந்து உலகெங்கும் புகழ்பெற்ற ராக் இசைக்குழுக்களின் பண்பாட்டு மதிப்பைப் பற்றிய வாதங்கள் பலவும் ஈற்றில் இவ்வினாவிலேயே வந்து முடிகின்றன. அவ்வாதங்களின் இருபுறத்தையும் சீர்தூக்கி, எது எவ்வளவிற்குப் பொருந்தும் எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவேறு கொள்கைகள்

இக்குழுக்கள் தோன்றுமுன்னரே, வாணிக இசையைப் பற்றிய ஐயம் ஆங்கில அறிஞரிடையே வேரூன்றியிருந்தது. ரிச்சர்டு ஹாகர்ட்டு 1957இல் வெளியிட்ட நூலில், உழைக்கும் மக்களின் பழைய வாழ்க்கைப் பண்பினை வாணிகப் பொழுதுபோக்கு அரித்து வருகின்றது என வருந்தினார்; காசு இட்டால் பாடும் இசைத்தட்டுப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கும் இளைஞரை அவ்வரிப்பின் அடையாளமாகக் காட்டினார். 1964 பிப்ரவரியில் பால் ஜான்சன் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிய கட்டுரையோ பீட்டில்ஸ் குழுவின்பால் எழுந்த வேட்கையையே ஒரு கேடு எனச் சாடியது. அறிவுடைய மூத்தோரும் இளைஞரின் ஆரவாரத்திற்குத் தலைவணங்குகின்றனரே என்பது அவருடைய வருத்தம்.

இதற்கு மறுதலையான கருத்தும் அக்காலத்திலேயே எழுந்தது. 1963 டிசம்பர் 27ஆம் நாளில் 'டைம்ஸ்' நாளிதழின் இசைத் திறனாய்வாளர் வில்லியம் மான், லெனான், மெக்கார்ட்னி ஆகிய இருவரின் பாடல்களைச் செவ்விசைக்குரிய கலைச்சொற்களால் ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றன் முடிப்பினை மாலரின் இசையோடு ஒப்பிட்டார். பத்தாண்டு கழித்து, 1973இல், வில்ஃபிரிடு மெல்லர்ஸ் என்னும் இசைப் பேராசிரியர் பீட்டில்ஸின் இசையைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

இவ்விரு சாராரும் கூர்ந்து நோக்காத பொருள் ஒன்று உண்டு. கேடு என்றோரும் கலை என்றோரும் அவ்விசையை ஆங்கில நாட்டின் விளைவாகவே பெரிதும் கொண்டனர். அதன் வேர் எங்கே உளது என்பதைக் கேட்டபின்னரே அதன் மதிப்பை அளத்தல் தகும்.

2. தோற்றச் சூழல்

அமெரிக்கச் சிறைகளிற் பாடப்பெற்று, லெட் பெல்லி என்னும் கறுப்பினப் பாடகரால் பரவிய பாட்டு 'ராக் ஐலண்டு லைன்'. அதனை லானி டோனகன் பாடி வெளியிட்ட இசைத்தட்டு 1956இல் ஆங்கில நாடெங்கும் ஒலித்தது. 'ஸ்கிஃபிள்' எனப்பட்ட அவ்விசைக்கு வேண்டியவை மிகச் சில: தேயிலைப் பெட்டியிற் கோலும் கயிறும் பூட்டிய கருவி ஒன்று, துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று, விலை குறைந்த கிடார் ஒன்று. ஆசிரியரும் பெரும்பொருளும் இன்றி எளிய இல்லத்துப் பிள்ளைகள் இசை பயில அது வாயில் திறந்தது. லிவர்ப்பூலில் ஜான் லெனான் தொடங்கிய 'குவாரிமென்' இத்தகைய குழுவே. 1957 ஜூலை 6ஆம் நாள், ஊல்ட்டன் தேவாலய விழாவில் அக்குழு பாடிய அன்றே பால் மெக்கார்ட்னி அவரை முதன்முதற் சந்தித்தார்.

அரசியற் சூழலும் துணைநின்றது. 1939 அக்டோபருக்குப் பின் பிறந்தோர் கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்படவில்லை. 1960இன் இறுதியோடு அவ்வழைப்பே நின்றது. லெனான் பிறந்தது 1940 அக்டோபரில். படைக்களத்திற் கழிந்திருக்க வேண்டிய ஆண்டுகள் அத்தலைமுறையினர்க்குக் கையில் எஞ்சின. ஓவியக் கல்லூரிகள் அவருட் பலர்க்குப் புகலிடமாயின: லெனான் லிவர்ப்பூலிலும், கீத் ரிச்சர்ட்ஸ் சிட்கப்பிலும், பீட் டவுன்ஷெண்டு ஈலிங்கிலும் அத்தகைய கல்லூரிகளிற் பயின்றோரே. ஆக, இவ்வியக்கத்தை வாணிகர் சிலரின் சூழ்ச்சி எனக் கொள்ளுதல் பொருந்தாது. வாணிகம் பின்னர் வந்து பயன்கொண்டது, தோற்றுவித்தது அன்று.

3. முதலும் வழியும்

நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுக்கும் நம் இலக்கண மரபு இவ்விடத்துப் பெரிதும் பயன்படும். முதனூலின் முடிபுகளோடு ஒத்துச் சென்று, பின்வந்தான் விரும்பிய வேறுபாடுகளையும் கொண்டு நிற்பதே வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. வழிநூல் செய்தல் இழுக்கு அன்று. ஆயின் அது தன் வழியைக் கூறுதல் வேண்டும். சிறப்புப் பாயிரத்தின் உறுப்புக்களுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வழியையே நிறுத்தியமை இக்கடப்பாட்டின் உயர்வைக் காட்டும்.

இவ்வளவுகோலால் நோக்குவோமாயின், குழுக்கள் யாவும் ஒருதன்மையன அல்ல என்பது புலனாகும். 1962இல் எழுந்த 'ரோலிங் ஸ்டோன்ஸ்' தன் பெயரையே சிகாகோவின் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து பெற்றது. 1965 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்கு அழைக்கப்பட்டபொழுது, ஹௌலின் உல்ஃப் என்னும் கறுப்பினப் பாடகரையும் பாடச் செய்யுமாறு அக்குழுவினர் வற்புறுத்தினர். அவர் பாடுகையில் அவர் காலடியில் அமர்ந்து கேட்டனர். தன் நாட்டிலேயே பெரும்பாலான வெள்ளையர் அறியாதிருந்த கலைஞரை அந்நாட்டார்க்கு அயல்நாட்டு இளைஞர் அறிமுகம் செய்ய நேர்ந்தது. இது வழி கூறிய வழிநூல்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 'லெட் செப்பலின்' 1969இல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' என்னும் பாட்டு, வில்லி டிக்சன் இயற்றி மடி வாட்டர்ஸ் 1962இற் பாடிய பாட்டினைத் தழுவியது. ஆயினும் டிக்சனின் பெயர் அத்தட்டில் இடம்பெறவில்லை. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. பெயர் விடுபட்டமை சிறு பிழையெனத் தோன்றலாம். இசையுலகில் பெயர் என்பது உரிமைப்பொருள். உரிமைப்பொருள் என்பது முதுமைக்காலத்து உணவும் உறையுளும் ஆகும். ஆதலின் வழி கூறாமை ஈண்டு நூன்மரபின் வழு மட்டுமன்று, அறத்தின் வழுவும் ஆகும்.

4. பின்வந்தார் செய்த வேறுபாடு

இனி, இக்குழுக்கள் செய்த வேறுபாடு யாது என்பதும் ஆராயத்தக்கது. முதலாவது, பாடுவோரே இயற்றுவோராயினர். இதனைச் சக் பெர்ரி, பட்டி ஹாலி முதலிய அமெரிக்கர் முன்னரே செய்தனர் எனினும், பொதுவழக்காக்கியதிற் பீட்டில்ஸின் பங்கு பெரிது. 1963இல் வெளிவந்த அவர்தம் முதற் பெருந்தட்டின் 14 பாடல்களுள் 8 அவர்களே இயற்றியவை. 1964இல் ஆங்கில நாட்டில் வெளிவந்த மூன்றாம் தட்டின் 13 பாடல்களும் அவர்தம் ஆக்கமே.

இரண்டாவது, ஒலிப்பதிவுக் கூடமே இசைக்கருவியாயிற்று. 1966 ஆகஸ்டிற் பயண நிகழ்ச்சிகளைக் கைவிட்ட பீட்டில்ஸ், ஜார்ஜ் மார்ட்டின் துணையோடு 1967இல் வெளியிட்ட 'சார்ஜெண்டு பெப்பர்' தட்டு, மேடையில் நிகழ்த்த இயலாதவற்றையும் நாடாவில் இழைத்துக் காட்டியது. அதன் உறையின் பின்புறத்திற் பாடல் வரிகள் அச்சிடப்பெற்றமை, கேட்டற்குரியது படித்தற்கும் உரியது என்னும் எண்ணத்தை வளர்த்தது.

மூன்றாவது, தம் ஊரையும் வாழ்வையும் பாடினர். லிவர்ப்பூலின் தெரு ஒன்றும், இலண்டனின் வாட்டர்லூப் பாலத்து மாலைப்பொழுதும் 1967இற் பாடுபொருளாயின. பர்மிங்காமில் டோனி அயோமி என்னும் இளைஞர் 1965இல் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தார். உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறை செய்து பூண்டு, நரம்புகளைத் தளர்த்திக் கிடார் வாசித்த அவருடைய கனத்த ஒலியே 1970இல் 'பிளாக் சபாத்' குழுவின் வழியாக 'ஹெவி மெட்டல்' என்னும் புதுவகைக்கு அடியிட்டது. தொழிலகத்தில் நேர்ந்த ஊறே இசைவகை ஒன்றன் பிறப்பிற்குக் காரணமாயிற்று. இதனை வெறும் போலி என எவ்வாறு கூறுதல் இயலும்?

5. தாக்கத்தின் அளவு

தாக்கத்தை மிகைப்படுத்துதலும் குற்றமே. 1964 பிப்ரவரி 9இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பீட்டில்ஸைக் கண்டோர் ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் என்பர். அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாளின் 'பில்போர்டு' பட்டியலில் முதல் ஐந்து இடங்களும் அவர்தம் பாடல்களே. ஆயினும் 1960 முதல் 2010 வரை அப்பட்டியலில் இடம்பெற்ற ஏறத்தாழ 17,000 பாடல்களைக் கணினி வாயிலாக ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு வேறொன்று கூறுகின்றது. 1964ஐ ஒட்டிப் பெருமாற்றம் நிகழ்ந்தது உண்மை. ஆனால் அம்மாற்றத்தின் போக்கு ஆங்கிலக் குழுக்கள் வருமுன்னரே தொடங்கிவிட்டது என்பது அதன் முடிபு. அலையை எழுப்பினோர் அல்லர். அலையின்மேல் ஏறி அதனை உயர்த்தினோர் என்பதே பொருந்தும்.

கடனின் வினா 1976இல் வெளிப்படையாகவே எழுந்தது. கறுப்பினத்தார் இசையாற் புகழ்பெற்ற எரிக் கிளாப்டன், அவ்வாண்டு ஆகஸ்டில், பர்மிங்காம் மேடையிற் குடியேறியோர்க்கு எதிராகப் பேசினார். பிற்காலத்தில் அதற்கு நாணினார். அப்பேச்சின் எதிரொலியாக 'இனவெறிக்கு எதிரான ராக்' என்னும் இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30இல், இலண்டன் விக்டோரியா பூங்காவில், வெள்ளையரின் 'கிளாஷ்' குழுவும் கறுப்பினத்தாரின் 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் ஒரே மேடையிற் பாடின. வாங்கிய கடனைப் பாட்டால் அன்றி நிலைப்பாட்டால் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி எனலாம்.

6. முடிவுரை

இன்று இக்குழுக்கள் தொல்பொருளாகவும் போற்றப்படுகின்றன. இலண்டன் அப்பி ரோட்டின் தெருக்கடவை 2010இற் காக்கப்படும் சின்னமாக அறிவிக்கப்பட்டது. லெனானும் மெக்கார்ட்னியும் இளமையில் வாழ்ந்த இல்லங்கள் தேசியப் பாதுகாப்பு அறநிலையத்தின் உடைமையாயின. 2023இற் பீட்டில்ஸின் பாட்டு ஒன்று மீண்டும் ஆங்கிலப் பட்டியலின் முதலிடம் பெற்றது. 2025 ஜூலை 5இல் 'பிளாக் சபாத்' தன் ஊரிலேயே இறுதி நிகழ்ச்சி நடத்தியது. அம்மாதம் 22ஆம் நாள் அதன் பாடகர் ஆசி ஆஸ்போர்ன் மறைந்தார். ஹாகர்ட்டு அஞ்சியவாறு உழைக்கும் மக்களின் பண்பு முற்றும் அழிந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி இவ்விசையிலேயே தங்கியது எனக் கூறுதல் தவறாகாது.

ஆதலின் இக்குழுக்களின் பண்பாட்டுச் சிறப்பினை மறுத்தல் இயலாது. அச்சிறப்பினை முதன்மை எனக் கொள்ளுதலும் இயலாது. அவை சிறந்த வழிநூல்கள். வழிநூலைப் போற்றுவோர் அதன் பாயிரத்தையும் எழுதக் கடமைப்பட்டவராவர். ஊல்ட்டனுக்கும் அப்பி ரோட்டிற்கும் செல்வோர் காணும் நினைவுக்குறிப்புக்களுக்கு அருகே மிசிசிப்பியின் பருத்தி வயல்களும், சிகாகோவின் சிறு ஒலிப்பதிவுக் கூடமும், வில்லி டிக்சனின் பெயரும் எழுதப்பெறும் நாளிலேதான் இவ்வரலாறு நிறைவுறும்.