பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் விடுமுறைப் பயணம்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டு மாவட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டியவை. ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஆனைமலை நிற்கிறது. பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்பவர் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் ஏறிப் போவது வழக்கம். கேரளத்துக்குள்ளேயே போக வேண்டுமென்றால் திருச்சூர், அங்கமாலி, அடிமாலி என்று மேற்கே சுற்ற வேண்டும். எந்தக் கணவாயில் ஏறுகிறோம், அந்தச் சோதனைச் சாவடி எத்தனை மணிக்கு மூடும் என்பவற்றை முதலில் முடிவு செய்துவிட்டால், பார்க்க வேண்டிய இடங்கள் அந்தப் பாதையை ஒட்டித் தாமாகவே அமைந்துவிடும்.

எல்லை வாசல்களில் எளியது வாளையாறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் கொண்டை ஊசி வளைவு ஏதும் இல்லை. கோவை உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். ஆனைகட்டி வழியாக அகளி, முக்காலி போனால் அமைதிப் பள்ளத்தாக்கின் வாசல். தெற்கே வந்தால் கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய சாவடிகள் பொள்ளாச்சியையும் சித்தூர் வட்டத்தையும் இணைக்கின்றன. இடுக்கிப் பக்கம் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை முக்கிய வாசல்கள்.

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. ஆகவே ரயிலில் வருபவருக்குத் தமிழ்நாட்டு நிலையங்களே கைகொடுக்கும். அகலப் பாதையாக மாற்றும் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த மதுரை – போடிநாயக்கனூர் வண்டி 2023 ஜூனில் போடி வரை திரும்ப ஓடத் தொடங்கியது. அங்கிருந்து போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு போகலாம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழநி வழியாக மதுரை நோக்கிச் செல்லும் அமிர்தா விரைவு வண்டியும் உண்டு. பாலக்காடு – பொள்ளாச்சிப் பாதையில் பகலில் பயணம் செய்பவர்கள் முதலமடை நிலையத்தைத் தவறவிடக் கூடாது. ஆலமரங்கள் குடைபிடிக்கும் அந்த நடைமேடையைத் திரைப்படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் மாந்தோப்புகள், சந்தைக்கு முந்தி வரும் மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

வரைபடத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றும் இடங்கள் இந்த எல்லையில் சில உண்டு. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கான சாலையோ பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாக, தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைக் கடந்துதான் போகிறது. அதனால் இரண்டு மாநில வனத்துறைகளின் சாவடிகள், இரண்டு முறை கட்டணம், இரண்டு வகை நேரக் கட்டுப்பாடு. பாலக்காட்டில் அறை எடுத்துக்கொண்டு காலையில் சாவகாசமாகக் கிளம்புபவருக்குப் பாதி நாள் வழியிலேயே போய்விடும். பொள்ளாச்சியில் தங்கி விடியலில் புறப்படுவது நல்லது. பரம்பிக்குளம் வனத்துறையின் தங்குமிடங்களில் முன்பதிவு செய்துகொண்டு ஓர் இரவு உள்ளேயே தங்குவது அதைவிட நல்லது. துணக்கடவு அணை, கன்னிமரா என்னும் பிரம்மாண்டமான தேக்கு மரம், காடர், மலசர் பழங்குடி வழிகாட்டிகளோடு காட்டு நடை என்று அங்கே நாள் நிறைந்துவிடும்.

கொழுக்குமலையில் நிலைமை இதற்கு நேர்மாறு. அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வண்டியில் போக வழி இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்துதான். அதுவும் ஜீப் மட்டுமே ஏறக்கூடிய கரடுமுரடான பாதை. சூரிய உதயம் பார்க்க விரும்புவோர் முந்தின இரவே சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ தங்கி, ஜீப்பும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மூணாறிலிருந்து சுற்றுலாப் பயணிகள் நாள்தோறும் போய்வரும் டாப் ஸ்டேஷனும் தமிழ்நாட்டு மண்தான். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் வந்த தேயிலை இங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பருவம் பற்றிய கணக்கில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒரே வாரத்தில் மூன்று வகை வானிலையைச் சந்திக்கும் நிலம் இது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டுச் சமவெளியில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். சின்னாறு மலைமறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை மூணாறை நனைத்துக்கொண்டிருக்கும்போதும் அங்கே முட்காடு காய்ந்து கிடக்கும். மூணாறில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. பெட்டியில் பருத்தித் துணியும் வேண்டும், கம்பளியும் வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடப்படும். அந்த மாதங்களில் மூணாறுக்கு அறை பதிவு செய்துவிட்டு, பூங்காவின் ராஜமலைச் சாவடியில் திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் வருந்தும். இந்த மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது 2018இல். அடுத்த பெரும் பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் “குறிஞ்சி காட்டுகிறோம்” என்று அழைப்பவர்கள் காட்டுவது பெரும்பாலும் வேறொரு குறிஞ்சி இனமாகவே இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலை அழகாக இருக்கும். ஆபத்தாகவும் இருக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு இரவிகுளத்தை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளைப் புதைத்தது. அதில் 70 உயிர்கள் போயின. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பெருவெள்ளம் மூணாறைப் பல நாட்கள் தனிமைப்படுத்தியது. மழைக்காலப் பயணத்தைத் தவிர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டால் அறைக்குக் கட்டிய முன்பணத்தை எண்ணாமல் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். அந்நாட்களில் மாவட்ட நிர்வாகம் மலைச்சாலைகளில் இரவுப் போக்குவரத்தையும் நிறுத்திவிடும்.

கோடையின் ஆபத்து தீ. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கியதில் 23 பேர் இறந்தனர். வனத்துறை அனுமதியில்லாமல் அழைத்துச் செல்லும் எவரோடும் கோடையில் காட்டுக்குள் இறங்கக் கூடாது. நீரிலும் கவனம் வேண்டும். குமுளியை அடுத்த தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அதன் பின்னர் உயிர்காப்பு அங்கி அங்கே கட்டாயம். கரையில் யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழுந்து எல்லோரும் ஒரே பக்கம் போகக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நான்கு நாட்கள் கையில் இருக்கும் குடும்பம் இரண்டு ஊர்களில் தங்கினால் போதும். மூணாறு, தேக்கடி, வாகமண், மலம்புழா என எல்லாவற்றையும் திணித்தால் வண்டிக்குள்ளேயே விடுமுறை கழிந்துவிடும். மலைச்சாலையில் 40 கிலோமீட்டர் என்பது சமவெளிக் கணக்கில் அடங்காது. முதல் நாள் பாலக்காடு: 1766இல் ஹைதர் அலி கட்டிய கோட்டை, 1955இல் திறக்கப்பட்ட மலம்புழா அணை, அங்குள்ள கானாயி குஞ்ஞிராமனின் யட்சி சிலை. மறுநாள் காலை ராமசேரியில் இட்லி. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானை மேல் துணி விரித்து அவிக்கும், தோசை போலத் தட்டையான இட்லி அது. பிறகு பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, ஒன்பதாறு சோதனைச் சாவடி வழியாகக் காட்டுச் சாலை. இந்தச் சாலையில் யானைகள் சர்வ சாதாரணமாகக் கடக்கும். இரவில் கட்டுப்பாடுகளும் உண்டு. மாலைக்குள் மறையூர் சேர்ந்துவிட வேண்டும். வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும் குரங்குகளுக்குத் தீனி போடுவதும் கூடவே கூடாது. மறையூரில் சந்தனக் காடு, முனியறைகள் எனப்படும் கற்திட்டைகள், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம். மிச்ச நாட்களை அங்கேயோ, அதை அடுத்த காந்தளூரிலோ, மேலே மூணாறிலோ கழிக்கலாம்.

சொந்தக் காரில் வருபவருக்கு எல்லையில் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. வாடகை வண்டிக்குக் கேரளத்துக்கான அனுமதியும் வரியும் உண்டா என்று ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இரு மாநிலங்களிலும் தடை இருப்பதால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்வது நல்லது. மொழி ஒரு தடையே இல்லை. சித்தூர் வட்டம், தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகளில் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். “சேட்டா” என்று கூப்பிட்டாலும் “அண்ணா” என்று கூப்பிட்டாலும் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

குமுளிக்குப் போக நாள் பார்த்துக் கிளம்ப வேண்டும். கார்த்திகை முதல் தை தொடக்கம் வரை சபரிமலை பக்தர்களின் வண்டிகள் அந்த மலைப்பாதையை நிறைத்துவிடும். நெரிசல் மிகும் நாட்களில் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வண்டிகளைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயில் திறக்கப்படும். குமுளியிலிருந்து ஜீப்பிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்தும் மலையேறலாம். ஏற்பாடுகளை இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து கவனிக்கின்றன. மற்ற நாட்களில் தேக்கடியில் தங்குபவர் ஏரிப் படகோடு திரும்பிவிடாமல், மூங்கில் தெப்பத்தில் காட்டோரம் போகும் வனத்துறைப் பயணத்துக்கும் பதிவு செய்யலாம். ஒரு காலத்தில் இந்தக் காட்டில் திருட்டுத்தனமாக வயண மரத்தின் பட்டையை உரித்தவர்கள் இன்று அதே காட்டைக் காக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுவாக இயங்குகிறார்கள். காட்டை அறிந்த வழிகாட்டிகளில் அவர்களும் உண்டு. ஊர் திரும்பும்போது ஏலக்காய் வாங்குபவர் முதல் கடையிலேயே பையைத் திறக்க வேண்டாம். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் விலை நாளிதழ்களில் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு, எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக் காயாகக் கேட்டு, ஒன்றை உடைத்து உள்ளே விதை கறுத்து ஒட்டும் பதத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.