துப்பாக்கியும் பெற்றோர் பொறுப்பும்

ஹைதராபாத் நகரின் கிழக்கே, உப்பலுக்குச் செல்லும் சாலையில் ஹப்சிகுடா என்னும் பகுதி உள்ளது. ஆராய்ச்சிக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் மெட்ரோ ரயில் நிலையமும் அமைந்த இடம் அது. மத்திய அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களைத் தக்காணத்து மக்கள் ‘ஹப்ஷி’ என்று அழைத்தனர். அவர்களுடைய பெயரையே இந்த ஊர் தாங்கி நிற்கிறது என்பர்.

நகரத்தினுள் சென்றால் இத்தகைய பெயர்களை இன்னும் காணலாம். நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப் படையினர் தங்கியிருந்த இடம் இன்றும் ‘ஏ.சி. கார்ட்ஸ்’ என்றே வழங்குகிறது. பீரங்கி வார்த்த இடத்துக்குக் ‘கன்ஃபவுண்டரி’ என்று பெயர். ஒரு காலத்தில் ஆயுதம் நிறைந்திருந்த ஊர் இது என்பதற்கு இப்பெயர்களே சாட்சி. அந்த ஆயுதங்கள் எவ்வாறு தெருவை விட்டு அகன்றன என்பதையும், வீட்டுக்குள் எஞ்சிய சிலவற்றுக்கு யார் பொறுப்பு என்பதையும் நேயர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஆசப் ஜா ஆகிய நிஜாம் அலி கானிடம் ரேமாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படைத்தலைவராக இருந்தார். கன்ஃபவுண்டரி வார்ப்படச் சாலையை நிறுவியவர் அவரே. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற பல்லாயிரம் சிப்பாய்கள் அவர் கீழ் இருந்தனர். 1798ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ரேமாண்ட் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் நிஜாமுடன் ஆங்கிலேயர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அக்டோபரில் அந்தப் பிரெஞ்சுப் படை சூழ்ந்து வளைக்கப்பட்டது. பெரும் இரத்தக் களரி ஏதுமின்றி ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

எனினும் நகரம் அத்துடன் அமைதி பெற்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் கூலிப்படையினரும் ரோஹில்லாக்களும் கத்தியும் துப்பாக்கியுமாக வீதிகளில் உலவினர். கடன் வசூல் முதல் காவல் வரை எல்லாம் அவர்களுடைய ஆயுத பலத்தால் நடைபெற்றன. 1853இல் திவானாகப் பொறுப்பேற்ற முதலாம் சாலார் ஜங், பல்லாண்டுக் காலம் பொறுமையுடன் உழைத்து அவர்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். ஆயுதப் பழக்கம் ஓர் ஊரின் தலைவிதி அன்று. உறுதியோடு முயன்றால் அதை மாற்றலாம் என்பதற்கு ஹைதராபாத்தின் வரலாறே சான்று.

நம் தமிழ்நாட்டிலோ ஆயுதம் பறிபோன கதை கசப்பானது. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றிலும், மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரிலும் தூக்கிலிடப்பட்டனர். 1801 டிசம்பரில் கம்பெனி ஆட்சியார் வெளியிட்ட பிரகடனத்தால் பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களிடமிருந்த ஆயுதங்களும் பறிமுதலாயின. அந்நியர் தமது பாதுகாப்புக்காகச் செய்த காரியம் அது. நாட்டு மக்களின் நன்மை அதன் நோக்கமாக இருக்கவில்லை.

அதே நோக்கத்தின் தொடர்ச்சியே லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது பிறந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். இந்தியன் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கு விதிவிலக்கு உண்டு. இந்த இன வேற்றுமையை நம் தலைவர்கள் கண்டித்ததில் வியப்பில்லை. 1930 ஜனவரியில் காந்தியடிகள் வைசிராயின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையின் தூதர் இதைக் கேட்டாரா என்று சிலர் திகைக்கலாம். அந்த லைசென்ஸ் மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் அவர் அக்கோரிக்கையிலேயே சேர்த்திருந்தார். உரிமையைக் கேட்ட அதே மூச்சில் கட்டுப்பாட்டையும் கேட்ட அந்த நிதானம் நாம் மறக்கத்தகாதது.

சுதந்திர இந்தியா 1959இல் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. 1962 அக்டோபர் முதல் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் 9ஆம் பிரிவு, 16 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வயதை 21 ஆக உயர்த்தியது. முறையான பயிற்சிக்கு மட்டும், விதித்த வயதும் நிபந்தனைகளும் பொருந்தினால், இளைஞருக்கு இடம் உண்டு. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஆசிரியரின் மேற்பார்வையில் இளமை முதல் பழகும் துப்பாக்கி விளையாட்டாகும் என்பதற்கு அவர் உதாரணம்.

சட்டம் வயதை வரையறுக்கலாம். ஆனால் துப்பாக்கியைக் கண்ட சிறுவனின் ஆசைக்கு வயது தெரியாது. அந்த ஆசையை நெறிப்படுத்துபவர் வீட்டில் உள்ள பெரியவரே. இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு பறவையியல் மேதை சாலிம் அலியின் வாழ்க்கையில் உள்ளது. 1896இல் பிறந்த அவர், பெற்றோரை இழந்து, பம்பாயில் மாமன் அமீருத்தீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமன் வேட்டையில் நாட்டமுள்ளவர். சிறுவனிடம் விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு அவன் ஒரு நாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமனிடம் கேட்டான். மாமனுக்கு விடை தெரியவில்லை. அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு துரையிடம் அனுப்பிவைத்தார். அங்கே பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைக் கண்டபோது சிறுவனின் மனம் புதிய வழியில் திரும்பியது. 1931இல் அதே சாலிம் அலி ஹைதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராய வந்தார். தம் சுயசரிதைக்கும் அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார். ஒரு குழந்தையின் கையில் துப்பாக்கி இருந்த வேளையில், அதன் கேள்வியைச் செவிமடுக்கப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். குருவியோடு போயிற்று.

எல்லா வீடுகளிலும் அவ்வாறு அமைவதில்லை. டெல்லியை அடுத்த குர்காவுனில், 2007 டிசம்பர் 11ஆம் தேதி, தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் சக மாணவன் ஒருவனைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவர்களுக்கும் மாண்டவனுக்கும் வயது 14 அளவில்தான். துப்பாக்கியோ அவர்களுள் ஒருவனின் தந்தையுடையது. தந்தையும் கைதானார். அமெரிக்காவில் மட்டுமே நிகழும் என்று நாம் எண்ணியிருந்தது நம் நாட்டுப் பள்ளியிலும் நிகழ்ந்தது.

அந்த அமெரிக்காவிலும் எண்ணம் மாறி வருகிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில், 2021 நவம்பர் 30ஆம் தேதி, 15 வயது மாணவன் பள்ளியில் நால்வரைச் சுட்டுக் கொன்றான். நான்கு நாட்களுக்கு முன்புதான் தந்தை அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். சம்பவ நாளின் காலையில், மகன் வரைந்திருந்த அச்சமூட்டும் படத்தைக் காட்டிப் பள்ளியார் பெற்றோரை அழைத்துப் பேசினர். எனினும் அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை. 2024இல் தாயும் தந்தையும் தனித்தனியே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மகன் பள்ளியில் நடத்திய கூட்டக் கொலைக்காகப் பெற்றோர் தண்டனை பெற்றது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

துப்பாக்கி உள்ள இடமெல்லாம் இத்தகைய கொடுமை நிகழும் என்று சொல்வதற்கில்லை. குடகு நாட்டைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலம் தொட்டே குடகருக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அரசாங்கம் 2019இல் அதனை 2029 வரை நீட்டித்தது. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டு என்பது அவர்கள் வழக்கம். கைல்போது திருநாளில் ஆயுதங்களுக்கு மலர் சூட்டி வழிபடுவர். எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கலாகாது என்பதை அங்கே குடும்பமும் மரபும் கற்பிக்கின்றன.

வட மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு வேறொரு வழக்கமும் தெரிந்திருக்கும். கலியாண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடுவதையே சொல்கிறேன். மேலே போன தோட்டா கீழே வந்துதான் தீர வேண்டும். மாடியில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையை அது அறியுமா? 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து விளையுமாறு கொண்டாட்டத்தில் சுடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அழைப்புக்கு இணங்கி அத்தகைய கலியாணத்துக்குச் செல்பவர்கள், வேட்டுச் சத்தம் கேட்டவுடன் குழந்தைகளைக் கூரையுள்ள இடத்துக்கு அழைத்துச் சென்றுவிடுவது நலம்.

நம் வீடுகளில் துப்பாக்கி ஏது என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஹப்சிகுடாவில் எங்கள் அண்டை வீட்டில், வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வசிக்கிறார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பின் சில ஆண்டுகள், சொந்த லைசென்ஸில் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியுடன் காவல் வேலைக்குச் சென்று வந்தார். ஒரு மாலை, விளையாடப் போன என் மகனை அழைத்து வர அங்கே சென்றேன். கதவின் பின்னால் குடையோடு குடையாகச் சார்த்தியிருந்த துப்பாக்கியை அவனும் அவர் பேரனும் கூடத்தின் நடுவே இழுத்து வந்திருந்தனர். பேரன் விசையருகே கையை வைத்திருந்தான். என் மகனோ ஒரு கண்ணை மூடி, குழலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது எட்டு வயது.

“தோட்டா இல்லை சார், வெறும் துப்பாக்கிதான்” என்றார் பெரியவர். அவர் சொன்னது உண்மையே. ஆனால் தோட்டாப் பட்டை அதே சுவரின் ஆணியில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “முப்பது வருஷம் பட்டாளத்தில் ஒரு நாளும் இப்படி வைத்ததில்லை, தம்பி. வீடுதானே என்று இருந்துவிட்டேன்” என்றார். மறுவாரமே இரும்பு அலமாரி வந்தது. அதன் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

‘வீடுதானே’ என்னும் அந்தச் சொல்லில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், லைசென்ஸ் கோருவோர் ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக உறுதி கூற வேண்டும் என்கின்றன. அந்த உறுதி காகிதத்தோடு நின்றுவிடலாகாது. துப்பாக்கியில் தோட்டா இருத்தல் கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். சாவி இருக்கும் இடம் குழந்தைகளுக்குத் தெரியலாகாது. குறிப்பிட்ட ஆற்றலுக்கும் அளவுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கியை லைசென்ஸ் இன்றியே வாங்கலாம். அதனாலேயே அது பொம்மை ஆகிவிடாது. அதன் சிறு குண்டு கண்ணைப் பறிக்கும், சில வேளை உயிரையும் பறிக்கும். மற்றொன்றும் உண்டு. குழந்தையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நாய் உண்டா என்று கேட்கிறோம் அல்லவா?

தீபாவளிக்குக் குழந்தைகள் பொட்டு வெடித் துப்பாக்கி கேட்கிறார்கள். வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை எவர் முகத்துக்கு நேராகவும் நீட்டலாகாது என்பதை அன்றே சொல்லிக் கொடுத்தால், அந்தப் பாடம் ஆயுள் முழுவதும் நிற்கும்.

ரேமாண்டின் வார்ப்படச் சாலையில் அடுப்பு அணைந்து வெகுகாலம் ஆயிற்று. வீதியில் திரிந்த ஆயுதத்தைத் திவான் ஒருவர் அடக்கினார். ஊரில் உள்ள ஆயுதத்தைச் சட்டம் அடக்குகிறது. வீட்டினுள் இருக்கும் ஆயுதத்தை அடக்கத் திவானும் வரமாட்டார், போலீசும் வரமாட்டார். அங்கே அதிகாரி தாயும் தந்தையுமே. நேயர்கள் இன்றிரவு உறங்கப் போகுமுன், அலமாரியின் சாவி இருக்குமிடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.