மாரியும் மாந்தரும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு பருவத்தின் வரலாறு

பருவங்கள் மனிதனது தொழிலை மட்டுமன்றி அவனது உறவுகளையும் உள்ளத்தையும் வகுத்தமைக்கின்றன. பழந்தமிழ் இலக்கண நூலார் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். நக்கீரரின் நெடுநல்வாடை, கூதிர்ப் பருவத்திலே வெள்ளத்துக்கு அஞ்சிய கோவலர் தம் நிரைகளை வேறு நிலத்துக்குக் கொண்டுசென்று பரப்புவதையும், கூடியிருந்து தீக்காய்வதையும் காட்டுகின்றது. அக்காட்சி ஈழத்தின் கீழைக்கரையில் வாழ்வோர்க்குப் பழமையான இலக்கியச் செய்தி மட்டுமன்று; ஆண்டுதோறும் அவர்தம் கண்முன் நிகழ்வதுமாகும்.

மட்டக்களப்பின் பண்பாட்டை ஆராய்ந்தோர் பெரிதும் கோடையையே நோக்கினர். கண்ணகி அம்மன் சடங்கு வைகாசிக்குரியது. கூத்து, அறுவடை முடிந்து கையும் களஞ்சியமும் நிறைந்தபின் பழகப்படுவது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றி உலகறியச் செய்த கலைகள் இவ்வோய்வுக் காலத்தின் விளைவுகளே. ஆயின் ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள மாரிக்காலத்திற்கும் தனியே ஒரு பண்பாடு உண்டு. அது அரங்கேறாதது, ஆரவாரமற்றது. அறுவடைக்கு முந்திய, களஞ்சியம் வற்றிய மாதங்களிலேயே மக்கள் ஒருவரையொருவர் மிகுதியாக நாடினர் என்பதே அப்பண்பாட்டின் அடிப்படை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், மேற்கே வயலும் காடும் விரிந்த நிலம் படுவான்கரை எனவும் பெயர்பெற்றன. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் இப்பெயர்களுக்குக் காரணமாயின. வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது, ஆண்டு மழையின் பெரும்பகுதி சில கிழமைகளுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அவ்வேளை ஆறுகள் பெருகும். தாழ்நில வழிகள் நீரில் மறையும். படுவான்கரைச் சிற்றூர்கள் தீவுகளாகும். வாடைக்காற்றினாற் கடல் கொந்தளிக்க, கரைவலைத் தொழில் ஓய்ந்து மீனவர் வாவியை நம்புவர். உறைபனி அறியாத நாடெனினும், மனிதரை வீட்டுக்குள் ஒடுக்கித் தனிமைப்படுத்தும் ஆற்றலில் இம்மாரி வடநாடுகளின் பனிக்காலத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இத்தனிமைக்கு எதிராக முதலில் நின்றது வயலேயாம். மழையை நம்பிய மாரி வேளாண்மையை ஒருவர் தனித்துச் செய்தல் இயலாது. வட்டை எனப்படும் வயற்றொகுதியில் காணியுடையோரும் உழுவோரும் கூடி, விதைப்பு நாளையும் வேலியடைக்கும் நாளையும் முடிவு செய்வர். வட்டை விதானை இம்முடிவுகளை நிறைவேற்றுவார். ஒருவன் தன் பங்கு வேலியை அடையாது விட்டால் எல்லோரது பயிரும் மாட்டுக்கும் பன்றிக்கும் இரையாகும். ஆதலின் அயலவனது சோம்பல் இங்கு அனைவரதும் கவலையாயிற்று. பிரித்தானிய அரசு 1856இல் இயற்றிய நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இத்தகைய பழைய வழமைகளுக்குச் சட்ட வலிமை தர முயன்றது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. சட்டங்கள் மாறினும், மழைக்கு முன் ஊர் கூடுதல் என்னும் வழக்கம் நிலைத்தது.

விதைப்பு முடிந்ததும் மாடுகள் மேற்கே மேய்ச்சல் நிலங்களுக்குச் செலுத்தப்படும். மயிலத்தமடு, மாதவனை முதலிய இடங்கள் இவ்வகையிற் பெயர்பெற்றவை. நெடுநல்வாடைக் கோவலரின் தொழிலை இன்றும் செய்வோர் இப்பட்டிக்காரரே. வயல்களிலோ காவல் தொடங்கும். யானையும் பன்றியும் வரும் இரவுகளில் பரணிலும் வாடியிலும் விழித்திருப்போர், அருகே தீ மூட்டிச் சோளமும் கிழங்கும் சுட்டுத் தின்பர். ஒரு பரணிலிருந்து மறு பரணுக்குக் குரல் கொடுப்பர். துயிலாதிருத்தற்காக எழுந்த குரல் காலப்போக்கிற் பாட்டாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் பாடிவந்த நாட்டுக்கவிகளிற் பல இவ்வயற்புற வாழ்வைப் பின்னணியாகக் கொண்டவை. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இந்நாட்டுப் பாடல்களைப் போற்றியுரைப்பது குறிப்பிடத்தக்கது. பயனுக்காக விழித்திருந்தோர் அவ்விழிப்பையே இன்பமாக்கிக் கொண்டனர் எனல் பொருந்தும்.

வீட்டிலும் இதுவே நிலை. பெரும்போக அறுவடை தை கடந்து மாசியிலேயே நிறைவுறும். எனவே கார்த்திகையும் மார்கழியும் பல குடும்பங்களுக்கு நெல் அருகிய மாதங்கள். அக்குறையை ஓரளவு நிரப்பியது நீரே. வெள்ளம் ஏறிய வயலிலும் குளத்துவாயிலும் விராலும் கெளுத்தியும் பனையேறிக் கெண்டையும் கிட்டின. சிறுவர் தூண்டிலும், முதியோர் கரப்பும், பெண்கள் அத்தாங்கும் கொண்டு பிடித்த மீன் அடுத்த வீட்டுக்கும் சென்றது. இன்று கொடுத்தவன் நாளை பெறுவான் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். ஈரவிறகு புகையும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து உண்ட சூடான மீன்கறியின் சுவை, அதன் பின்னேயிருந்த இவ்வுறவின் சுவையுமாகும்.

சமயமும் இப்பருவத்தின் நீண்ட இரவுகளுக்கு ஒழுங்கு தந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று வாயில்தோறும் சுடர் ஏற்றப்பட்டது. அதன்பின் இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதைப் படிப்பு. மார்கழியிலே திருவெம்பாவை நாட்களில், விடியற்காலை இருளிற் சங்கும் மணியும் ஒலிக்கத் தெருவழியே பாடிச் செல்வோர் மழையையும் பொருட்படுத்தார். எழுத்தறியாதோரும் இப்படிப்புகளினூடே இலக்கியச் செவியுடையோராயினர். புளியந்தீவிலும் வாவியோரக் கத்தோலிக்க, மெதடித்த ஊர்களிலும் அதே மாதத்தில் நத்தார் வந்தது. போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசிய பறங்கியர் வீடுகளில் வயலினும் ஆட்டமும் அவ்விழாவிற்குப் பொலிவூட்டின. வழிபாடு வேறெனினும், மழைக்காலத்து இருளில் விளக்கும் பாட்டும் நாடிய உள்ளம் ஒன்றே.

இரு கரைகளையும் இணைத்தவை தோணித்துறைகள். கல்லடியில் 1924இல் பாலம் அமையுமுன் பட்டினத்து மக்களும் ஓடத்தையே நம்பினர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரையும் துறையே வழி. காற்று மிகுந்தால் ஓடம் புறப்படாது. அந்நேரம் கரையிலே தங்கியோர், நெல் வணிகரும் ஆசிரியரும் நோயாளியும் மணவீட்டாருமாக, ஒருவர் செய்தியை ஒருவர் அறிந்தனர். வாவியின் நீர் உயர்ந்து வயல்களை மூழ்கடிக்கும்போது, மணல் அடைத்த ஆற்றுவாயை வெட்டிக் கடலுக்கு வழிவிடுவர். வெள்ளம் வடியவேண்டுமென்பது உழவனது அவசரம். வாவியின் மீனும் இறாலும் குறைந்துவிடக்கூடாதென்பது மீனவனது அச்சம். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணி முடிவெடுக்கவேண்டிய நிலை, இருசாராரையும் ஒரே நீரின் பங்காளிகளாக வைத்திருந்தது.

இவ்வுறவின் வலிமையைப் பேரிடர்கள் பலமுறை சோதித்தன. 1957 திசெம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி, 2004ஆம் ஆண்டு மார்கழி முழுநிலா நாளில் எழுந்த ஆழிப்பேரலை, 2011 சனவரி வெள்ளம் என்பன யாவும் மாரிக்காலத்தில் வந்தவையே. சூறாவளி தென்னந்தோட்டங்களை வீழ்த்திக் கூரைகளைப் பறித்தபோது, பள்ளிகளும் கோயில்களும் தேவாலயங்களும் புகலிடமாயின. கூடிச் சமைத்தலும் பகிர்ந்துண்ணலும் அங்கே புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மாரியிலும் சிறிய அளவிற் பயின்றதையே மக்கள் பேரளவிற் செய்தனர்.

எனினும் நீரும் காற்றும் செய்யாத பிளவை மனிதர் செய்தனர் என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது. தாய்வழிக் குடிமுறையினையும் வட்டையினையும் பொதுவாகக் கொண்டிருந்த தமிழரும் முஸ்லிம்களும், 1990ஆம் ஆண்டின் கொலைகளுக்குப்பின் ஒருவரையொருவர் அஞ்சினர். முஸ்லிம் உழவர் பலர் படுவான்கரையிலிருந்த தம் காணிகளுக்குச் செல்ல முடியாதிருந்தனர். தமிழர் பலர் ஊர்களை இழந்து அகதிகளாயினர். உறவின் பாதையாயிருந்த வாவி 2007 வரை இரு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட எல்லையாயிற்று. இரவுக்காவலின் பாட்டு அடங்கியது. பரணில் எரிந்த தீயே ஆபத்தின் அடையாளமாயிற்று. மாரியின் சிறு மகிழ்ச்சிகள் தாமாக வளர்பவையல்ல, அயலவன்பால் அச்சமின்மை என்னும் நிலத்திலேயே அவை முளைப்பன என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

போர் ஓய்ந்தபின் வயல்கள் மீண்டும் விதைக்கப்பட்டன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலியன பாசனத்தை மாற்றியதால் ஒரு பகுதி நிலத்திற் சிறுபோகமும் உண்டு, இயந்திரம் அறுக்கின்றது, மின்வேலி யானையைத் தடுக்கின்றது, பாலங்கள் காத்திருப்பைக் குறைத்துள்ளன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. பிரசவவேதனையில் ஓடத்தை எதிர்பார்த்துக் கிடந்த பெண்ணின் துயரைப் பழமைப் பற்றினாற் போற்றுவார் எவருமிலர். ஆயின் ஒருவரையொருவர் வேண்டியிருந்த தேவை குறையுங்கால், அத்தேவை ஈன்ற உறவை எவ்வாறு காப்பது என்னும் வினா எழுகின்றது.

அதற்கு விடையை வாவிக்கரையின் வழக்கமொன்றே குறிப்பாற் காட்டுகின்றது. தையில் முதற்கதிர் முற்றியதும், அறுவடை முழுதும் முடியுமுன்னரே, சிறிதளவு புதுநெல் கொய்து புதிர் எடுப்பர். அப்புத்தரிசிச் சோறு குடும்பத்தோடும் சுற்றத்தோடும் உண்ணப்படும். அள்ளிக்கொடுக்கும் அளவு அப்போது வீட்டில் நெல் இராது. விளைச்சல் எத்துணை என்பதும் தெரியாது. நிறைவு வரும்வரை காத்திராது, குறையுள்ளபோதே பகிர்தலே புதிரின் பொருள். மழை பெய்த மாதங்களில் மட்டக்களப்பு மாந்தர் கண்ட சிறு இன்பங்கள் யாவற்றுக்கும் அதுவே விளக்கமாகும்.