குளத்தின் கீழான கமம்: வன்னியில் விவசாயத் தொகைமதிப்பின் அலகு பற்றி

விவசாயத் தொகைமதிப்பு என்பது ஒரு நாட்டிலுள்ள கமங்களையும், அவற்றில் செய்கைபண்ணப்படும் பயிர்களையும், அவற்றோடு வளரும் கால்நடைகளையும் குறித்ததொரு காலப்பகுதியில் ஒன்றும் விடுபடாமல் எண்ணிப் பதியும் முயற்சியாகும். சில வயல்களைத் தெரிந்தெடுத்து, அவற்றில் ஒரு துண்டை அறுத்து நிறுத்து, அதிலிருந்து மாவட்டத்தின் நெல் விளைச்சலைக் கணிக்கும் மாதிரி அளவீடுகள் போகந்தோறும் நடைபெறுகின்றன. ஆனால் எந்தெந்த வயல்களைத் தெரிந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடையாக அமையும் முழுப் பட்டியல், அதாவது மாதிரிச் சட்டகம், தொகைமதிப்பிலிருந்தே பெறப்படவேண்டியிருப்பதால், தொகைமதிப்பில் நேரும் பிழை அடுத்த பத்து ஆண்டுகளின் மதிப்பீடுகள் அனைத்துக்குள்ளும் ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது. இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்தப் பிழைக்குக் காரணம் எண்ணச் செல்பவரின் கவனக்குறைவோ, விடைசொல்பவரின் மறதியோ அன்று. எண்ணப்படும் அலகே அங்குள்ள கமத்தின் இயல்போடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலகளவில் இம்முயற்சிக்கு ஒரு பொதுவடிவம் உரோமாபுரியிலிருந்த சர்வதேச விவசாய நிறுவகத்தினால் 1930 இல் வகுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் 1940 ஆம் ஆண்டுச் சுற்றைக் குலைத்த பின்னர், 1950 முதல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு பத்தாண்டுக்கொரு முறை அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுவருகிறது. அந்நெறிகளின் மையக் கருத்து செய்கை அலகு என்பதாகும்: ஒரே முகாமையின் கீழ் இயங்கும் விவசாய உற்பத்தி அலகு, அதில் வளரும் கால்நடைகள் அனைத்தும், முழுமையாகவோ பகுதியாகவோ விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் அனைத்தும், உரித்து எவருடையது, சட்டவடிவம் எது, பருமன் எவ்வளவு என்பவற்றைப் பொருட்படுத்தாமல் ஒன்றாகக் கொள்ளப்படும். உரித்தைப் பொருட்படுத்தாமை என்ற அந்தச் சொற்றொடர் உறுதிக்காணியும், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணியும், அடாத்தாகப் பிடித்த காணியும் அருகருகே கிடக்கும் வன்னிக்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றினாலும், ஒரே முகாமை என்ற முன்பாதியே அங்கு இடறுகிறது.

இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1952, 1962, 1973, 1982, 2002 ஆகிய ஆண்டுகளில் விவசாயத் தொகைமதிப்புகளை நடத்தியது. 2013/14 இல் நடந்த பொருளாதாரத் தொகைமதிப்பு ஏனைய தொழில்களுடன் விவசாயத்தையும் உள்ளடக்கியது. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் கொண்டவை தோட்டங்கள் எனவும் அதற்குக் குறைந்தவை சிற்றுடைமைகள் எனவும் பிரிக்கும் மரபு தேயிலை, இறப்பர், தென்னை நாட்டுக்கு உரியது; நெல்லும் மாடும் கொண்ட வன்னிக்கு அப்பிரிவு பெரிதாக எதையும் சொல்வதில்லை. சிற்றுடைமைகளைக் கண்டறிவதற்கான வழி வீடுவீடாகச் செல்வதாகும். வீட்டுக் கதவைத் தட்டி, அங்குள்ளவர் செய்கைபண்ணும் காணி எவ்வளவு, என்ன பயிர், எத்தனை மாடு என்று கேட்டால், நாட்டின் கமம் முழுவதும் படிவங்களில் வந்து சேர்ந்துவிடும் என்பது அம்முறையின் எடுகோள்.

வவுனியா நகருக்கு மேற்கே மன்னார் வீதியில் அமைந்த நெளுக்குளம் இந்த எடுகோளைச் சோதிப்பதற்கு ஏற்ற இடம். வன்னியின் பெரும்பாலான ஊர்ப்பெயர்களைப் போலவே இதன் பெயரும் ஒரு குளத்தின் பெயர். ஊர் குளத்தால் ஆனது, குளம் ஊரால் ஆனதன்று. அணைக்கட்டு, நீரை வயலுக்கு விடும் துருசு, மிகுதி நீர் வழிந்தோடும் வான், நீர் ஏறி இறங்கும் அலைகரை, கீழே படிப்படியாக இறங்கும் வயல் என்பன ஒன்றாகவே இயங்குகின்றன. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர்பாய்ச்சும் குளங்கள் சிறு குளங்கள் எனப்பட்டுக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களம் போன்ற பெரிய அமைப்புகளின் பொறுப்பிலும் உள்ளன. சிறு குளமொன்றின் கீழ் எப்போது விதைப்பது, எவ்வளவு விதைப்பது, துருசை எந்த நாளில் திறப்பது என்பவற்றைத் தனியொரு கமக்காரர் முடிவுசெய்வதில்லை. போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமே முடிவுசெய்கிறது. ஒரே முகாமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதன் பாதி குளக்கட்டில் இருக்கிறது என்பதே நேரான விடை.

மறுபாதியும் வீட்டில் இருப்பதாகச் சொல்லமுடியாது. எடுத்துக்காட்டாக, நெளுக்குளத்து வயலில் நாலு ஏக்கர் துண்டொன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் உறுதிக்காரர் கனடாவில் வாழ்கிறார். காணியைப் பார்த்துக்கொள்ளும் தங்கை குருமன்காட்டில் இருக்கிறார். அதைக் குத்தகைக்கு எடுத்து விதைப்பவர் பம்பைமடுவில் குடியிருக்கிறார். நெல்லை வெட்டும் இயந்திரமும் அதன் சாரதியும் வேறொரு மாவட்டத்திலிருந்து வருகிறார்கள். தொகைமதிப்பின் விதிப்படி அந்த நாலு ஏக்கரும் விதைப்பவரின் வீட்டோடு சேர்ந்து பம்பைமடுவின் கிராம உத்தியோகத்தர் பிரிவில் பதிவாகும். நெளுக்குளத்தின் அட்டவணையில் அதன் சுவடே இராது. தங்கையும் குத்தகைக்காரரும் இருவருமே அதைத் தமது காணியென்று சொன்னால் இரண்டிடத்திலும் பதிவாகும். இருவருமே மற்றவரைச் சுட்டினால் எங்கும் பதிவாகாது. நகரம் விரிய விரிய வயலுக்கும் வயலைச் செய்பவருக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. நெளுக்குளம் போன்ற நகர்விளிம்பு ஊர்களில் மேட்டுக்காணி வீட்டுத்துண்டுகளாகப் பிரிந்துவருவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மாவட்ட மொத்தத்தில் இத்தகைய இடமாற்றங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யலாம் என்பது உண்மையே. ஆயினும் எந்தக் குளத்தைப் புனரமைப்பது என்ற தீர்மானம் மாவட்ட மொத்தத்தைக் கொண்டு எடுக்கப்படுவதன்று.

பரப்பளவு சொல்லப்படும் முறையும் கவனிப்புக்குரியது. படிவம் ஏக்கரையும் பேர்ச்சையும் கேட்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பரப்பில் சொல்வார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று மாற்றுவதில் சிக்கல் குறைவு. ஆனால் வயற்காணியை விதைநெல்லின் அளவால், இத்தனை புசல் விதைப்பு என்று சொல்லும் வழக்கில் மாற்றுவிகிதம் நிலையானதன்று. ஏக்கருக்கு இரண்டு புசல் என்பது பொதுக் கணக்கு. மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் வீசும் புழுதி விதைப்பிலோ, களை மிகுந்த வயலிலோ கமக்காரர் கூடுதலாகவே வீசுவார். ஆறு புசல் விதைப்பு என்ற விடையை மூன்று ஏக்கர் என்று எழுதிக்கொள்ளும் உத்தியோகத்தர் உண்மையில் இரண்டரை ஏக்கர் வயலைப் பெருப்பித்திருக்கக்கூடும்.

போகத்தோடு கமமே உருமாறுகிறது என்பது இதனினும் முக்கியமானது. வடகீழ்ப் பருவமழையோடு வரும் காலபோகத்தில் குளத்தின் கீழுள்ள வயல் முழுவதும் விதைக்கப்படலாம். சித்திரை, வைகாசியில் தொடங்கும் சிறுபோகத்தில் குளத்தில் எஞ்சியிருக்கும் நீரே எல்லை. நீர் குறைந்த ஆண்டுகளில் துருசை அண்டிய மேல்வயலை மட்டும் விதைப்பதென்றும், அதைக் கீழ்வயற்காரருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதென்றும் தீர்மானிக்கும் முறை உலர்வலயத்தில் நெடுங்காலமாக உண்டு. சிங்களத்தில் இது பெத்ம எனப்படும். அவ்வாறான சிறுபோகத்தில் ஒருவர் தமக்குரிமையற்ற காணியில், குத்தகையோ வாரமோ இன்றி, குளத்தின் பங்காளர் என்ற தகுதியால் மட்டும் விதைக்கிறார். உடைமை, குத்தகை, வாரம், ஏனையவை என்று பெட்டிகள் கொண்ட படிவத்தில் அவர் ஏனையவைக்குள் ஒதுங்குகிறார். நீரை அறமுறையில் பங்கிடும் ஒரு பழைய ஏற்பாடு அட்டவணையில் எச்சமாகக் கிடப்பது வியப்புக்குரியதன்று எனினும் வருத்தத்துக்குரியது.

கால்நடைகளிடத்தில் பொருத்தமின்மை உச்சத்தை அடைகிறது. வன்னியின் மாடுகளில் பெரும்பகுதி வீட்டுக் கொட்டிலில் கட்டி வளர்க்கப்படுபவையல்ல, பட்டியாகத் திரிபவை. காலபோக விதைப்புத் தொடங்கும்போது பயிரைக் காக்கும் பொருட்டுப் பட்டிகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரங்களுக்கும் தொலைவான மேய்ச்சல் தரைகளுக்கும் சாய்க்கப்படுகின்றன. அறுவடை முடிந்ததும் தாள் மேய்வதற்கு வயலுக்குத் திரும்புகின்றன. மார்கழியில் வீட்டு வாசலில் நின்று எத்தனை மாடு என்று கேட்பவருக்கு, பட்டி காட்டில நிக்குது என்பது பொய்யற்ற, ஆனால் எண்ணற்ற விடையாகவே கிடைக்கும். பட்டியிலுள்ள மாடுகள் அனைத்தும் பட்டிக்காரருடையவையுமல்ல. ஊரிலும் நகரிலும் உள்ள பலர் தத்தம் குறி சுட்ட மாடுகளை அவரிடம் விட்டிருப்பார்கள். பிறக்கும் கன்றுகளில் ஒரு பங்கு அவருக்கு என்பது போன்ற ஏற்பாடுகளும் உண்டு. தொகைமதிப்பு மாட்டை வளர்ப்பவரிடம் எண்ணச் சொல்கிறது, மாட்டுக்காரரோ அதைக் குறியால் எண்ணுகிறார். நாம்பன், நாகு, கன்று என்று வயதால் பிரித்துச் சொல்லவேண்டியிருந்தால், தாமே கண்டு மாதக்கணக்கான மாடுகளைப் பற்றி உரிமையாளர் சொல்லும் எண்ணிக்கை ஊகமாகிவிடுகிறது.

போர் இதில் இன்னொரு வகையையும் சேர்த்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்ட மக்கள் அடுத்தடுத்து இடம்பெயர்ந்தபோது மாடுகளை அவிழ்த்துவிட்டே வெளியேறினார்கள். அவர்களுட் பலர் செட்டிகுளத்து முகாம்களிலும், நெளுக்குளம் உட்பட வவுனியாவின் பாடசாலைக் கட்டடங்களிலும் அடைபட்டிருந்த மாதங்களில் அம்மாடுகள் ஈன்று பெருகின அல்லது களவுபோயின. குறியற்ற அந்தக் கட்டாக்காலி மாடுகளுக்கு வீடு இல்லை. ஆகவே வீட்டுப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட எந்தக் கணக்கிலும் அவை இல்லை. 2022 டிசெம்பரில் மண்டூஸ் புயலையொட்டிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தபோது இறந்தவற்றை எண்ணுவது இயன்றது, கிடந்த உடல்களை எண்ணினால் போதுமாயிருந்தது. மொத்தத்தில் எத்தனை விழுக்காடு அழிந்தது என்பதைக் கணிப்பதற்கு, அதற்கு முன் உயிரோடு நின்றவற்றின் நம்பத்தக்க எண்ணிக்கை வேண்டும். (2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணிமுதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் குரங்கு, மயில், அணில் ஆகியவற்றைத் தத்தம் வளவில் நின்று எண்ணும்படி மக்கள் கேட்கப்பட்டார்கள். நகரும் விலங்கை ஒரே நேரத்தில் எண்ணவேண்டும் என்ற விளக்கம் காட்டு விலங்குக்குக் கிடைத்து, பட்டிமாட்டுக்கு இன்னும் கிடைக்காதிருப்பது கவனிக்கத்தக்கது.)

இவ்வளவு சிரமமெதற்கு, கமநல சேவை நிலையங்களில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடுகளைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் முதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை அத்தகைய காணிப் பதிவேட்டுக்கு இடமுண்டு. குளவாரியாக, துண்டுவாரியாக அது அமைந்திருப்பது பெரிய நன்மை. இந்தியாவில் 1970-71 இல் தொடங்கிய விவசாயக் கணக்கெடுப்பு, நிலப்பதிவேடுகள் செவ்வனே பேணப்படும் மாநிலங்களில் அவற்றையே தொகுக்கிறது. தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப்பதிவேடு அதற்கு வாய்ப்பான மூலம். ஆனால் அங்கு கால்நடைக் கணக்கெடுப்பு 1919-20 முதல் தனியாகவே நடந்துவருவதால் நிலமும் மாடும் ஒரே கமத்தில் சந்திப்பதில்லை. இலங்கைப் பதிவேட்டின் குறை வேறுவகைப்பட்டது. பசளை மானியம் நெற்காணியின் பரப்பைக் கொண்டு வழங்கப்படுவதால் அப்பதிவேட்டில் பரப்பு மேல்நோக்கிச் சாய்கிறது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற நிவாரணங்கள் குடும்பத்தின் சொத்தையும் பார்ப்பதால் மாட்டின் எண்ணிக்கை கீழ்நோக்கிச் சாய்கிறது. தொகைமதிப்புச் சட்டம் தனியாள் விபரங்களை இரகசியமாகப் பேணும்படி பணித்தாலும், படிவத்தோடு வருபவர் நிவாரணப் பட்டியல் தயாரித்த அதே கிராமத்து உத்தியோகத்தராக இருக்கும்போது, அந்த இரகசியத்தை நம்பும்படி ஒரு குடும்பத்தைக் கேட்பது எளிதன்று.

காலத்தொடர்ச்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1982 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்போது கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. 1984 இலேயே அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 1973 இல் முல்லைத்தீவு மாவட்டமும் இல்லை. 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டு. வன்னியின் பெரும்பகுதி அரச நிர்வாகத்தின் பிடிக்கு வெளியே இருந்தது. அதற்கு முந்திய ஆண்டின் குடிசனத் தொகைமதிப்பு பதினெட்டு மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றிருந்தது. ஆகவே வன்னிக் கமத்தின் முப்பதாண்டு மாற்றத்தை மாவட்ட அட்டவணைகளை அடுத்தடுத்து வைத்து வாசிக்க முயல்வோர், எல்லைகள் நகர்ந்ததைக் கமம் நகர்ந்ததாகக் கொள்ளும் இடர் உண்டு. மாவட்ட எல்லை மாறினாலும் குளங்கள் அதே இடத்தில்தான் இருந்தன. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் முதற்கொண்டு கிடைக்கும் பழைய ஆவணங்களைக் குளத்தின் பெயரால் இணைத்தால், மாவட்டத்தின் பெயரால் இணைப்பதைவிட நீண்ட தொடர்ச்சி கிட்டும்.

எனவே வீட்டுப் பட்டியலைக் கைவிடாமல், அதனோடு குளப் பட்டியலொன்றைச் சேர்ப்பதே பொருத்தமான வழி. ஒவ்வொரு குளத்தின் கீழும் உள்ள வயல்துண்டுகள் கமநலப் பதிவேட்டிலிருந்து முதலில் வரிசைப்படுத்தப்பட்டு, கமக்காரர் அமைப்பின் முன்னிலையில், சென்ற காலபோகத்தில் இதை விதைத்தவர் யார் என்ற ஒரே கேள்வி ஒவ்வொரு துண்டுக்கும் கேட்கப்படலாம். வீடுவீடாகக் கிடைத்த விடைகளை அதனோடு ஒப்பிட்டால் இரட்டைப் பதிவும் விடுபாடும் துண்டின் பெயரோடு வெளிப்படும். குளத்தோடு சேராத மேட்டுக்காணியில் உழுந்தும் கச்சானும் பப்பாசியும் செய்வோருக்கு வீட்டுப் பட்டியலே தொடர்ந்தும் பயன்படும். இதற்கு மேலதிகச் செலவு உண்டு. கமக்காரர் அமைப்பின் முன்னிலையில் கேட்பது வலியவரின் சொல்லுக்கு இடங்கொடுக்கும் என்ற மறுப்பும் வலுவானதே, குறிப்பாகக் கணவனை இழந்த பெண்கள் செய்கைபண்ணும் காணிகள் சகோதரனின் பெயரில் சொல்லப்பட்டுவிடக்கூடும். அந்த இடத்தில் வீட்டில் பெற்ற விடையே முந்தவேண்டும். மாடுகளை எண்ணும் நாள் வேறாக வேண்டும்: காலபோக அறுவடை முடிந்து, பட்டிகள் காட்டிலிருந்து இறங்கி, வெட்டிய வயலில் தாள் மேயும் பங்குனி மாதத்தின் சில வாரங்களில்தான் வன்னியில் மாடும் வயலும் பட்டிக்காரரும் உரிமையாளரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.