சட்டாம்பிள்ளையும் பிரம்பும்



"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே!" பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் விடும்போது பெற்றோர் இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியும் நம்மிடம் உண்டு. பிரம்பால் வகுப்பை அடக்குவதே நம் முன்னோர் வழி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். மறுபாதியை இன்று பார்ப்போம்.

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, நாட்டுப்புறப் பள்ளிகளின் நிலையை விசாரித்து எழுதும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். மறு ஆண்டு பல்லாரிக் கலெக்டர் கேம்பெல் தம் அறிக்கையை அனுப்பினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்களாம். இரண்டாவது பிள்ளைக்குப் பூஜ்யம். அதாவது புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு ஓர் அடி, நான்காவது பிள்ளைக்கு இரண்டு. பிந்தி வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பேறிப் பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையிலே தொங்கவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இத்தண்டனைக்குக் கோதண்டம் என்று பெயர்.

ஆனால் அதே அறிக்கையில் கேம்பெல் ஒன்றைப் பாராட்டியும் எழுதினார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்தே இதைப் பின்பற்றியது பொருத்தம்தான் என்றார் அவர்.

இங்கிலாந்துக்கு இது எப்படிப் போயிற்று? 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்திவந்தார். ஒரு நாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான்! பிள்ளைகளின் தவறுகள் ஒரு புத்தகத்தில் பதியப்பட்டன. வாரம் ஒரு முறை பள்ளி முழுவதும் கூடும்போது, மாணவர்களே நடுவர்களாய் இருந்து அவற்றை விசாரித்தார்கள். 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரும் பரவியது.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் 1798இல் இதே போன்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் பிரம்படியை எதிர்த்தார். ஆனால் குறும்பு செய்த பிள்ளையின் கழுத்தில் கட்டையை மாட்டினார். கூடையில் வைத்து மேலே தொங்கவிட்டார். பிரம்பு போயிற்று; அவமானம் வந்தது. பிள்ளையின் மனத்திலே விழும் அடிக்குத் தழும்பு தெரியாது, அவ்வளவுதான்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கங்காணியோ கிராணியோ வாத்தியாரான இடங்களும் உண்டு. பல வகுப்புகளுக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். அங்கே கையில் பிரம்பும், துணைக்கு ஒரு சட்டாம்பிள்ளையும் இருந்ததில் வியப்பில்லை. பின்னர் 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பிரம்புக்கு வரம்பு கட்டின. பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்றன.

சட்டாம்பிள்ளையிடமும் ஓர் ஆபத்து உண்டு. 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றால் அதிகாரம் செய்வது என்றுதானே பொருள்? ஒரே பிள்ளையிடம் அதிகாரம் தங்கினால் அவன் குட்டிக் கங்காணி ஆகிவிடுவான். ஆகவே பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வரவேண்டும். கரும்பலகை துடைப்பது ஒரு பிள்ளைக்கு, கடைசி வரிசைத் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு பிள்ளைக்கு. வகுப்பின் விதிகளையும் பிள்ளைகளோடு பேசி வகுக்கலாம். அதிகம் குறும்பு செய்கிற பிள்ளைக்கே முதலில் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

நம் முன்னோர் திண்ணையில் பிரம்பும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. கடல் கடந்து பிறர் பாராட்டியது பொறுப்பைத்தான். நாம் மட்டும் பிரம்பைப் பிடித்துக்கொண்டிருப்பானேன்? நாளைக்கு மாலை பிள்ளை வீடு திரும்பியதும், "இன்றைக்கு அடி வாங்கினாயா?" என்று கேட்க வேண்டாம். "இன்றைக்கு உனக்கு என்ன பொறுப்பு கொடுத்தார்கள்?" என்று கேட்போம்.