வேறு பள்ளிக் கண்காணிப்பாளர்



பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளி ஆசிரியரைக் கண்காணிப்பாளராகப் போடுவது ஏன்? அமெரிக்காவில் சிறப்பு வழக்கறிஞரை நியமிப்பதும் அதே நியாயத்தில்தான்.

வாட்டர்கேட் விவகாரத்தை விசாரிக்க 1973 மே மாதம் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் நியமிக்கப்பட்டார். வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களை விடாமல் கேட்டதால், அக்டோபர் 20 அன்று அதிபர் நிக்சன் அவரை நீக்கவைத்தார். பின்வந்த ஜவோர்ஸ்கியும் நாடாக்களைக் கேட்டார். 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது; ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார். இது நன்மை.

1978இல் இப்பதவிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1994இல் பொறுப்பேற்ற கென்னத் ஸ்டார், நில முதலீட்டில் தொடங்கிய விசாரணையை அதிபர் கிளிண்டனின் அந்தரங்கம்வரை கொண்டுபோனார். 1999இல் அச்சட்டம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. இது தீமை.

கண்காணிப்பாளரைத் தேர்வு எழுதுபவரே வெளியேற்றக் கூடாது. கண்காணிப்பாளரும் மாணவரின் வீடுவரை போகக் கூடாது.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.